காலம் வேறுபடலாம், வாக்கு வேறுபடலாமா?

காலம் எல்லார்க்கும் ஒரே சீராய் ஓடுவதில்லை என்று ஐன்ஸ்டீன் 1905-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அன்றுதொட்டு ஒரு வாதம் உலவி வருகிறது. காலமே ஆளுக்கு ஆள் வேறுபடுமாயின், உண்மையும் கடமையும் அவரவர் பார்வையைப் பொறுத்தவைதாமே என்பது அவ்வாதம். விஞ்ஞானத்தின் பெயரால் எழும் இதனை விஞ்ஞானத்தைக் கொண்டே சீர்தூக்கிப் பார்ப்போம்.

விண்கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதுவதால், தரைக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான் என்னும் நுண்துகள்கள் தோன்றுகின்றன. அவற்றின் சராசரி ஆயுள், ஒரு வினாடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் 2.2 கூறுதான். ஒளியின் வேகத்தில் பாய்ந்தாலும் அதற்குள் 660 மீட்டரே கடக்க இயலும். ஆயினும், சேலத்துச் சமவெளியில் நிற்கும் உழவர் ஒருவர் உள்ளங்கையை விரித்தால், அதனூடே வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றாக அவை இறங்கிக்கொண்டிருக்கின்றன. இஃது எங்ஙனம்?

விரைந்து செல்லும் இத்தகைய துகளின் ஆயுள் நமக்கு நீண்டு தோன்றவேண்டும் என்று 1938-இல் நம் நாட்டு அறிஞர் ஹோமி பாபா எழுதினார். அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியிலும், அதனினும் தாழ்ந்த டென்வர் நகரிலும் துகள்களை எண்ணிப் பார்த்து, புரூனோ ராஸியும் டேவிட் ஹாலும் 1941-இல் அதனை மெய்ப்பித்தனர். ஒளிவேகத்தில் 99.9 விழுக்காட்டு வேகத்தில் வரும் மியூவானின் ஆயுள், நம் கடிகாரப்படி 22 மடங்காகிறது. துகளின் கடிகாரப்படியோ ஆயுள் சற்றும் கூடவில்லை. கடக்கவேண்டிய 15 கிலோமீட்டரே 700 மீட்டருக்கும் குறைவாய்ச் சுருங்கிவிடுகிறது. கணக்கு இரண்டு, ஆனால் துகள் தரையைத் தொட்டது என்னும் செய்தி ஒன்றே.

ஒளியின் நிலையும் இதுவே. விண்மீனை நோக்கி விரைபவனுக்கு அதன் ஒளி நீலத்தின் பக்கம் சாயும்; விலகிச் செல்பவனுக்குச் சிவப்பின் பக்கம் சாயும். நிறம் மாறினாலும், ஒளியின் வேகம் இருவர்க்கும் வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டரே. மாறாத இவ்வொன்றின்மீதே ஐன்ஸ்டீனின் கொள்கை நிற்கிறது.

இனி நம் வாழ்வுக்கு வருவோம். நாமக்கல்லிலிருந்து வடநாட்டுக்குச் சரக்கேற்றிச் செல்லும் ஓட்டுநர், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 25 ஆண்டுகள் ஓயாது லாரி ஓட்டினாலும், அவ்வேகத்தால் அவர் கடிகாரம் பின்தங்குவது ஒரு மியூவானின் ஆயுளளவே. ஆனால் சாலையில் அவருக்குப் பறந்தோடிய மாதம், வீட்டில் காத்திருக்கும் மனைவிக்கு ஓராண்டாய் நீண்டிருக்கும். இருவர் உணர்வும் மெய்யே. எனினும், 'மாதம் முடியுமுன் பணம் அனுப்புகிறேன்' என்ற சொல் நிறைவேறியதா என்னும் வினாவுக்கு இரு விடைகள் இல்லை.

கடன்பட்டவனுக்குத் தவணை விரைந்து வருகிறது. கொடுத்தவனுக்கு ஊர்ந்து வருகிறது. 'என் பார்வையில் இன்னும் நாளிருக்கிறது' என்று தட்டிக்கழிப்பவனுக்கு ஐன்ஸ்டீன் சாட்சி சொல்ல வரமாட்டார். அவருடைய கொள்கை, ஒருவர் கணக்கை மற்றவர் கணக்காய் மாற்றியறியும் நெறியையும் உடன் தருகிறது. அறமும் அதனையே வேண்டுகிறது. வாக்கு என்பது பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நமது தாமதம் காத்திருப்பவரின் கடிகாரத்தில் எவ்வளவு என்று கணித்து நடப்பவரே அதனைப் பேணியவராவார்.