தோல்வியும் பிரசாதமே



திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம், 1990-இல் டெக்னோபார்க் தொடங்கப்பட்டது முதல் கணினித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே, பணி முடிந்த மாலையில் இரு நண்பர்கள் சதுரங்கம் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். இருவரும் வல்லுநர் அல்லர், பரிசும் கிடையாது. ஒருவர் அவசரத்தில் குதிரையைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறார். ‘தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும்’ என்பது போட்டி விதி. அதை நினைவூட்டும் நண்பர் அக்கணமே பகைவராகத் தோன்றுகிறார். பரிசில்லாத ஆட்டத்தில் ஏன் இந்தக் கொதிப்பு? அங்கே பந்தயமாக வைக்கப்பட்டிருப்பது பொருளன்று. ‘நான்’ என்னும் அகங்காரம்.

இந்த அகங்காரத்தை இறைவனே ஆடி வென்றதாக ஓர் ஐதிகம் கேரளத்தில் உண்டு. ஆலப்புழை மாவட்டத்து அம்பலப்புழையில் கண்ணன் கோயில் கொண்டுள்ளான். அப்பகுதியை ஆண்ட செம்பகச்சேரி மன்னர் சதுரங்கப் பிரியர். துறவி வேடத்தில் வந்த கண்ணன் அவரை ஆட்டத்துக்கு அழைத்தான். “வென்றால் முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு, இவ்வாறே 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தந்தால் போதும்” என்றான். அற்பமெனக் கருதி மன்னர் இசைந்தார், தோற்றார்.

11-ஆம் கட்டத்தில் 1,024 மணிகள். 21-ஆம் கட்டத்தில் பத்து இலட்சத்துக்கும் மேல். மொத்தக் கணக்கோ 20 இலக்கங்கள் கொண்ட எண்! களஞ்சியம் போதாது கலங்கிய மன்னருக்குக் கண்ணன் தன் உருவைக் காட்டி, கடனைச் சிறிது சிறிதாகத் தீர்க்கலாம் என்றும், அடியவர்களுக்குப் பால்பாயசம் அளித்து வருமாறும் பணித்தானாம். அக்கோயிலின் பால்பாயசம் இன்றும் புகழ் பெற்றது.

மன்னர் சொன்ன சொல்லை மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். தொட்ட காயை அவர் நகர்த்தினார். அதனால் அவருடைய தோல்வி பிறர் பசியாற்றும் பிரசாதமாயிற்று.

நாம் பேசிய சொல்லும் செய்த செயலும் தொட்ட காய்களே. திரும்பப் பெற இயலாது. பயனை ஏற்றே ஆக வேண்டும். இதுவே வினையின் நியதி. ஆனால் அடுத்த நகர்வு நம் கையில் உள்ளது. அதுவே முயற்சிக்கு இறைவன் தந்த இடம். நம் பிழையை எடுத்துக்காட்டுபவர் இல்லத்தில் இருக்கலாம், அலுவலகத்தில் இருக்கலாம். அவரைப் பகைவராக எண்ணாது, வேடம் புனைந்து வந்த இறைவனாக வணங்கிப் பழகுவோம். அப்பணிவைக் கண்ணன் நமக்கு அருள்வானாக!