தெராங் பூலான்

காலை ஏழரை. தமிழ்ப்பள்ளியில் சபைகூடல். ஒலிபெருக்கி ஒருமுறை கரகரக்கிறது. பிறகு நாட்டுப் பண், நெகாராகூ.

சாலையோரம் நடந்து வந்த முதியவர் நின்றுவிடுகிறார். கையில் ரொட்டி சானாய்ப் பொட்டலம். முடியும்வரை அசையவில்லை. நானும் நிற்கிறேன்.

வெயில் இன்னும் ஏறவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று கடந்து போகிறது. அதன் சத்தத்துக்குள் ஒரு வரி மூழ்கி, மறுபடி மேலே வருகிறது.

*

இரவில் அதே மெட்டு. வேறு பதிவு.

1947. "மாமுலா மூன்". லண்டனில் ஹவாய் இசைக்குழு நடத்திய ஃபெலிக்ஸ் மெண்டல்சன். ஸ்டீல் கிட்டார் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகிறது. நடுவில் எங்கும் கால் ஊன்றுவதில்லை.

பழைய இசைத்தட்டின் இரைச்சல். தூரத்துத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி.

தோள் தானாக அசைகிறது. காலையில் விறைத்து நின்ற அதே தோள்.

*

மறுபடி கேட்கிறேன். இம்முறை மெட்டை மட்டும்.

ஏறுகிறது. சற்று நிற்கிறது. இறங்குகிறது.

*

1875 நவம்பர். பேராக், பாசிர் சாலாக். பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்படுகிறார்.

1877. அந்தக் கொலையில் பங்கு உண்டென்று பேராக் சுல்தான் அப்துல்லாவை நாடு கடத்துகிறார்கள். இந்தியப் பெருங்கடலின் நடுவே சேஷெல்ஸ் தீவுகள். பிரெஞ்சு வழக்கு ஊறிய மண்.

மாஹே தீவில் மக்கள் வாயில் ஒரு பாட்டு. "லா ரோசாலி". பிரெஞ்சுக் கவிஞர் பியேர் ழான் தெ பெராஞ்சேயின் மெட்டு என்கிறார்கள்.

சிறைப்பட்டவரின் மாலைகள் நீளமானவை. ஏதோ ஒரு வீட்டில் யாரோ பாடுகிறார்கள். புரியாத மொழி. மெட்டு மட்டும் உள்ளே போகிறது. இப்படித்தான் நடந்திருக்கும் என்று மனம் ஒரு காட்சியை வரைந்துகொள்கிறது. வரையட்டும்.

*

அதே ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல்கள். தளத்தில் நம் ஆட்கள்.

ஒரு கடல். அரசர் ஒருவரை அது கொண்டுபோகிறது. கூலிகளைக் கொண்டுவருகிறது.

*

பேராக் அரசவையில் ஒரு கதை இருக்கிறது. பேராக் சுல்தான் இங்கிலாந்து போகிறார். உங்கள் நாட்டுப் பண் எது, வாசிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பண் என்று ஒன்று இல்லை. உடன் போனவர் வாயில் வந்த மெட்டை முணுமுணுத்துக் காட்டுகிறார். அது சேஷெல்ஸிலிருந்து வந்தது.

உண்மையோ கட்டியதோ. அந்த முணுமுணுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. வாத்தியம் இல்லை, தாள் இல்லை. இருப்பது மூச்சு மட்டும்.

எது எப்படியோ, மெட்டு பேராக்கின் மாநிலப் பண் ஆகிறது.

*

1920கள், 30கள். இந்தோனேசியாவிலிருந்து பங்சவான் நாடகக் குழு ஒன்று சிங்கப்பூர் வருகிறது. அதே மெட்டு, மலாய்ச் சொற்கள். "தெராங் பூலான்". நிலா வெளிச்சம்.

விருந்துகளில் வாசிக்கிறார்கள். கபரேக்களில் ஆடுகிறார்கள். 1937இல் பத்தாவியாவில் இதே பெயரில் ஒரு படம். நாயகி ரூக்கியா. மலாயாவிலும் கூட்டம் கூடுகிறது.

பேராக்கில் அரசருக்காக எழுந்து நிற்கும் மெட்டு. மற்ற இடங்களில் ஆடும் மெட்டு. இரண்டும் ஒரே காலத்தில். யாருக்கும் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

*

பாட்டில் ஆறு இருக்கிறது. நிலா இருக்கிறது. மிதக்கும் முதலை இருக்கிறது. ஆணின் வாக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

நான் இருக்கும் மஸ்ஜித் தானாவிலிருந்து வடக்கே போனால் லிங்கி ஆறு. அக்கரை நெகிரி செம்பிலான். அங்கும் முதலைகள் உண்டு. நிலவு நாளில் நீர் அசையாமல் கிடக்கிறது. கரையில் நிற்கிறேன். ஒரு கட்டை மிதந்து வருகிறது. கட்டைதான்.

*

ரப்பர்த் தோட்டத்திலும் பாட்டு இருந்தது. லயத்தில் தாலாட்டு. சாவு வீட்டில் ஒப்பாரி. பால் மங்கு கழுவும்போது ஒருத்தி எடுக்கும் அடி. அடுத்த நிரையிலிருந்து வரும் பதில்.

காலை ஆள்கணக்குக்கு, பெரட்டுக்குப் போகும் இருட்டில் யாரோ இழுத்துப் பாடியதைப் பாட்டி சொல்லியிருக்கிறாள். மெட்டைப் பாடிக் காட்டச் சொன்னால் சிரித்துவிடுவாள். பாட்டி இப்போது இல்லை.

பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல இடிந்துவிட்டன. அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை எந்தத் தட்டிலும் ஏறவில்லை.

ஒரு மெட்டுக்கு இத்தனை பதிவுகள். நெஞ்சு கொஞ்சம் கனக்கிறது. கனக்கட்டும்.

*

1952. "மலாயன் மூன்". பால் லொம்பார்டின் இசைக்குழு. பாடுவது ஜோன் வில்டன்.

தீவு மாறுகிறது. மொழி மாறுகிறது. நிலா மட்டும் தலைப்பை விட்டுப் போகவில்லை.

*

1956 பிப்ரவரி 20. மலாக்கா, பண்டார் ஹிலிர் திடல். லண்டனிலிருந்து திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலை நாளை அறிவிக்கிறார். அந்தத் திடல் மஸ்ஜித் தானாவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்.

நாடு வருகிறது. பண் இல்லை.

போட்டி வைக்கிறார்கள். உலகெங்கிலுமிருந்து 514 மெட்டுகள். ஒன்றும் பிடிக்கவில்லை. பெரிய இசையமைப்பாளர்களைக் கேட்கிறார்கள். பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன், ஜான் கார்லோ மெனோட்டி, சுபிர் சைட். அவர்கள் மெட்டுகளிலும் மனம் நிற்கவில்லை.

1957 ஆகஸ்ட் 5. பேராக் பண்ணே போதும் என்று முடிவாகிறது. சொற்கள் புதியவை. மெர்டேக்காவுக்கு, விடுதலை நாளுக்கு, 26 நாள் இருக்கிறது.

514 மெட்டுகளையும் நினைத்துக்கொள்கிறேன். எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் பியானோ முன் உட்கார்ந்து, பார்த்திராத ஒரு நாட்டுக்காக எழுதுகிறார். உறை ஒட்டுகிறார். தபால்தலை.

*

விடுதலைக்குப் பின் இந்த மெட்டை ஆட்டப் பாட்டாக வாசிக்கத் தடை. பிறகு 1968இல் தேசிய கீதச் சட்டம். பண் ஒலிக்கும்போது எழுந்து நிற்க வேண்டும். அவமதித்தால் 100 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை.

நேற்றுவரை ஆடிய கால்கள். சேர்ந்து நிற்கக் கற்றுக்கொள்கின்றன.

நிற்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. குதிகால் தரையில் படிகிறது. மூச்சு வயிற்றுக்கு இறங்குகிறது. பக்கத்தில் நிற்பவரின் மூச்சும் கேட்கிறது.

*

1990களின் தொடக்கத்தில் பண்ணின் நடையை வேகப்படுத்துகிறார்கள். அணிவகுப்பு நடை. 2003இல் பழைய நிதானம் திரும்புகிறது.

நடுவே பள்ளிக்குப் போனவர்கள் வேகமாகப் பாடிப் பழகியவர்கள். இன்றும் கூட்டத்தில் ஒரு குரல் அரை வரி முந்துகிறது. உணர்ந்து காத்திருக்கிறது. மற்றவர்கள் வந்து சேர்கிறார்கள்.

எனக்கு மெதுவானதுதான் பிடிக்கும். அதில் இரண்டு வரிகளுக்கு இடையே காற்று இருக்கிறது.

*

ஜாவாவில், சோலோ நகரில் லோகானந்தா. 1956இல் தொடங்கிய அரசு இசைத்தட்டு நிறுவனம். அங்கேயும் "தெராங் பூலான்" பதிவு ஒன்று இருக்கிறது. 2009இல் அதைச் சுட்டி இந்தோனேசியாவில் மலேசியா மீது கோபம் எழுகிறது. யாருடைய பாட்டு.

இந்தக் கேள்வி எனக்குள்ளும் வருகிறது. சிறிது நேரம் இருக்கிறது. போகிறது.

*

சைடா ரஸ்தாம் இந்த மெட்டின் பின்னால் வெகுதூரம் போனவர். 2014இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பில் ரோசாலியின் பெயர் இருக்கிறது. ஒரு பாட்டுக்காக ஒருவர் ஆண்டுகளைச் செலவிடுவது நல்ல காரியம். நம் தோட்டப் பாட்டுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். பாடத் தெரிந்த கிழவிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

*

மின்விசிறி சுற்றுகிறது. பதிவு முடிந்துவிட்டது. ஊசி இல்லாத கைப்பேசியிலும் அந்த இரைச்சல் சற்று நேரம் காதில் நிற்கிறது.

மறுபடி போடவில்லை.

*

பெராஞ்சே 1857 ஜூலையில் பாரிஸில் இறந்தார். மலாயா விடுதலை பெற்றது 1957 ஆகஸ்டில்.