துடைத்த கை

என் மகள் குறைமாதத்தில் பிறந்தாள். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லை. பீய்ச்சிய பாலைச் சங்கில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். திரேஸ்புரத்தில் சங்கு குளித்த என் அப்பா கடலடியிலிருந்து எடுத்துவந்தது அது. எனக்கும் அதில்தான் புகட்டினார்களாம். இரண்டாம் மாதத்தில் பால் வற்றிவிட்டது. "ஏட்டி, மாரு குடிக்காத புள்ளைக்குப் பாசம் ஒட்டாது" என்றாள் பெரியம்மை. தூத்துக்குடியில் அப்போது பனிமய மாதா திருவிழா. ஆகஸ்ட் 5 பெருவிழா. தாய்ப்பால் வாரமும் ஆகஸ்ட் 1 முதல் 7 வரைதான். ஒரு சுவரில் மாதா, அடுத்த சுவரில் பாலூட்டும் தாய். இருவரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

நான் வேதக்காரிதான். ஆனால் கொற்கைப் பக்கத்துப் பள்ளியில் தமிழ் நடத்துபவள்; சம்பந்தர் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த வருஷம்தான் அது என் காதில் விழுந்தது. சீகாழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு அப்பா தண்ணீருக்குள் முங்குகிறார். பிள்ளை அழுகிறது. பசியழுகை அல்ல, ஆளைக் காணாத அழுகை. சங்குகுளிக்காரன் மகளுக்கு அது தெரியும். உமை வருகிறாள். மாரோடு அணைத்து ஊட்டியதாகச் சேக்கிழார் பாடவில்லை. கண்ணீரைத் துடைத்து, பிள்ளையின் கையில் பொற்கிண்ணத்தைக் கொடுத்ததாகத்தான் பாடுகிறார். ஞானம் பாலில் இருந்தது என்பது சைவர் வழக்கு. எனக்கென்னவோ துடைத்த கையில் இருந்ததாகப் படுகிறது. (கரையேறிய அப்பா கோலை ஓங்கிக்கொண்டு, யார் தந்த பாலைக் குடித்தாய் என்றுதான் கேட்டார். அப்பாக்கள்!)

1958இல் அமெரிக்காவில் உளவியலாளர் ஹாரி ஹார்லோ எழுதியதும் பாலைவிடத் தொடுகையைப் பற்றித்தான். தாயைப் பிரித்த குரங்குக் குட்டிகளுக்குக் கம்பியால் ஒரு பொம்மைத் தாய், துணி சுற்றி ஒன்று. பால்புட்டி கம்பியிடம் இருந்தபோதும் குட்டிகள் குடித்துவிட்டு ஓடிப்போய்த் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தன. கொடுமையான சோதனை.

அதற்காகத் தாய்ப்பாலைத் தள்ளிவிட முடியாது. முதல் ஆறு மாதம் அது மட்டுமே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் எனக்கு வழக்கில்லை. புட்டியைத் தலையணையில் சாய்த்துவைத்துவிட்டு உலைவைக்கப் போகலாம். மாரை அப்படிக் கழற்றிவைக்க முடியாது. பால் வற்றியவள் அந்த அணைப்பைத் தானாகத்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நான் சட்டையைத் தளர்த்திப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டே புட்டி கொடுத்தேன்.

இப்போது அவளுக்கு மூன்று வயது. நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுவாள். தாழ்ப்பாள் போடுவதில்லை, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாக எதையாவது பாடிக்கொண்டே குளிக்கிறேன்.