முறையிட வந்தவள்

நம் வீடுகளில் பெண்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளிலெல்லாம் மிகச் சிறியது 'சபூர் செய்' என்பது. பிள்ளையை இழந்த தாய்க்கு அதைச் சொல்கிறோம். விளைச்சலை இழந்த உழவருக்கும் சொல்கிறோம். இறைவனின் நாட்டத்தால் நேர்ந்த துன்பத்துக்கு அதனினும் நல்ல மருந்து இல்லை. ஆனால், கணவனின் கையால் அடிபட்டு வந்து நிற்பவளுக்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். இறைவன் தந்த சோதனையையும் மனிதன் தன் விருப்பத்தால் செய்த கொடுமையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறோம். இது முறைதானா என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்பும் கேள்வி.

சேலம், நாமக்கல் சமவெளியில் ஓர் ஊரை மனத்தில் கொள்வோம். எந்த ஊர் என்பது வேண்டா. லாரிப் பட்டறையும் விசைத்தறியும் கோழிப் பண்ணையுமாகப் பிழைக்கும் ஊர். லாரி ஓட்டும் ஒருவர் பதினைந்து நாள் வடநாட்டுச் சுமை இறக்கி வீடு திரும்புகிறார். அன்றிரவே மனைவியை அடிக்கிறார். அது முதல் முறையன்று. விடிந்ததும் அவள் அத்தா வீட்டுக்குப் போகிறாள். 'தங்கை நிக்காஹ் ஆகாமல் இருக்கிறாள், ஊர் என்ன சொல்லும்?' என்று அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்த முறை மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறாள். அங்கே மனுவை வாங்கிக்கொண்டு ரசீது தருகிறார்கள். 'உங்களுக்குத்தான் ஜமாஅத் இருக்கிறதே, முதலில் அங்கே பேசிப் பாருங்கள்' என்கிறார்கள். ஜமாஅத்தில் அவளுக்காக அவள் அண்ணன் பேசுகிறார். அவள் வாசலுக்கு வெளியே நிற்கிறாள். 'இனி அடிக்க மாட்டேன்' என்று கணவர் எழுதிக் கொடுக்கிறார். துஆ ஓதிக் கலைகிறார்கள். அந்தத் தாளின் நகல்கூட அவள் கைக்கு வருவதில்லை. அன்றிரவு அவள் திரும்பிச் செல்வது அதே வீட்டுக்குத்தான்.

இந்த மூன்று வாசல்களிலும் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. தந்தை இளைய மகளின் வாழ்வை எண்ணினார். காவல் அதிகாரி ஒரு குடும்பத்தைப் பிரிக்க வேண்டாமே என்று எண்ணினார். ஜமாஅத்தினர் ஒரு வீட்டை ஒட்டவைத்துவிட்டோம் என்றே உண்மையாக நம்பினர். ஆயினும் மூவரின் நல்லெண்ணமும் சேர்ந்து அவளை அடிப்பவரின் கையிலேயே மீண்டும் ஒப்படைத்தது. ஏனெனில், மூவரும் தீர்ப்பை நோக்கி விரைந்தனரேயன்றி, அவள் சொன்னதை முழுமையாகக் கேட்டவர் ஒருவரும் இலர்.

இது எங்கோ ஒருத்திக்கு நேரும் விதிவிலக்கு என்று ஆறுதல் கொள்ளவும் இயலாது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகத்தில் மணமான பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களில் எவரிடமேனும் உதவி நாடியவர்கள், இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு 14 பேர்தாம். ஆகவே நம் முன் வந்து நிற்பவள் பொறுமை இழந்து முதல் அடியிலேயே ஓடி வந்தவள் அல்லள். பெரும்பாலும் நெடுநாள் பொறுத்து, வேறு வழியின்றி வந்தவள். அவளுக்குப் பொறுமையைக் கற்பிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

முறையிடுவது பொறுமைக்கு மாறானது என்ற எண்ணம் நம் மார்க்கத்திலிருந்து வந்ததன்று. தீய செய்தியைப் பகிரங்கமாகப் பேசுவதை இறைவன் விரும்புவதில்லை என்று கூறும் திருமறையின் நான்காம் அத்தியாயம், அநீதி இழைக்கப்பட்டவரை அதே வசனத்தில் விலக்கி நிறுத்துகிறது. அதற்கும் மேலாக, முறையிட்ட ஒரு பெண்ணைக் கொண்டே ஓர் அத்தியாயம் பெயர் பெற்றிருக்கிறது. கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களைக் கணவர் அறியாமைக் கால வழக்கப்படி, தாயைப் போன்றவள் என்று சொல்லி விலக்கிவைத்தார். அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து வாதாடினார். வீட்டின் மூலையில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அப்பேச்சில் சில சொற்கள் கேட்கவில்லை. ஆனால் வானங்களுக்கு அப்பாலிருந்து இறைவன் கேட்டான். ஐம்பத்தெட்டாம் அத்தியாயமான அல் முஜாதலா இறங்கியது. வாதாடியவளுக்கு ஒரு கண்டிப்பும் இல்லை, வழக்கம்தான் கண்டிக்கப்பட்டது. பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வழியில் நின்று அந்த மூதாட்டியின் பேச்சை நெடுநேரம் கேட்டார் என்றும், இறைவன் கேட்ட குரலை உமர் கேளாதிருப்பதா என்ற கருத்தில் மறுமொழி சொன்னார் என்றும் வரலாறு கூறுகிறது.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் நேரானது. ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்கள் கணவரிடம் எலும்பு முறியும் அளவுக்கு அடிபட்டு, அதிகாலை வேளையில் நாயகத்திடம் வந்தார். அபூதாவூத் தொகுப்பில் இது காணப்படுகிறது. அவரை வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை, கணவரைத்தான் அழைத்தனுப்பினார்கள். மஹராகப் பெற்ற தோட்டங்களைத் திருப்பிக் கொடுத்து அப்பெண் விடுதலை பெற்றார். கணவர் சாதாரண மனிதரல்லர். நாயகத்தின் மதிப்புக்குரிய தோழர். அவரது பெருமை அவள் முறையீட்டின் எடையைக் குறைக்கவில்லை. விடியற்காலைத் தொழுகைக்குப் புறப்பட்டு வழியில் பலவந்தப்படுத்தப்பட்ட ஒரு பெண்ணின் செய்தியும் நபிமொழித் தொகுப்புகளில் உண்டு. இருட்டில் ஏன் வந்தாய் என்று அவளை எவரும் கேட்கவில்லை. அவள்மேல் பழியும் சுமத்தப்படவில்லை.

இங்கே சிலர் நான்காம் அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தை நினைவூட்டுவர். அதற்கு விரிவுரையாளர்கள் விதித்த கட்டுப்பாடுகள் பல. ஆனால், அந்த வசனத்தைப் பெற்றுத் தந்த நாயகம் தம் வாழ்நாளில் மனைவியையோ பணியாளரையோ ஒரு முறையும் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) சான்று கூறியிருக்கிறார்கள். மனைவியரை அடிப்போர் நல்லோர் அல்லர் என்றும் நாயகம் எச்சரித்திருக்கிறார்கள். வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாழ்ந்து காட்டியவரை விட்டுவிடுவது எவ்வகைப் பின்பற்றல்? அடுத்த 35ஆம் வசனத்தையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும். பிணக்கைத் தீர்க்க நடுவர் இருவர் வேண்டும். ஒருவர் அவன் தரப்பிலிருந்து, மற்றவர் அவள் தரப்பிலிருந்து. நம் பஞ்சாயத்துகளில் அவள் தரப்பு நடுவர் எங்கே?

இக்கேள்வியைத் தமிழகத்தில் உரக்கக் கேட்டவர் புதுக்கோட்டையைச் சேர்ந்த தாவூத் ஷரீஃபா கானம். காவல் நிலையம் ஜமாஅத்தைக் காட்டுகிறது. ஜமாஅத்திலோ பெண்ணுக்கு இடமில்லை. இந்த இடைவெளியைக் கண்டே அவரும் அவருடைய தோழியரும் பெண்களுக்கென ஒரு ஜமாஅத்தை அமைத்தார்கள். பல மாவட்டங்களிலிருந்து பெண்கள் அங்கே முறையீடுகளைக் கொண்டு வந்தார்கள். அதைப் பற்றித் தீபா தன்ராஜ் 2011இல் ஆவணப்படமும் எடுத்தார். அவருடைய கருத்துகள் எல்லாவற்றையும் ஏற்பதும் மறுப்பதும் அவரவர் முடிவு. ஆனால், இருக்கும் ஜமாஅத்துகள் செவி கொடுத்திருந்தால் புதியதொன்று தேவைப்பட்டிருக்குமா என்பதை நம்மால் தட்டிக்கழிக்க முடியாது.

'வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு. அரசுக்கு அங்கே என்ன வேலை?' என்பாரும் உளர். நம் சேலத்து மண்ணே அதற்கு விடை சொல்லும். 1937 அக்டோபர் முதல் நாள் சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். குடிகாரனின் வீட்டுக்குள் நடந்த துன்பத்தை ஊரின் துன்பமாகக் கருதியதால் வந்த சட்டம் அது. அதன் வெற்றி தோல்வி வேறு கதை. ஆனால், வீட்டுச் சுவருக்குள் நடப்பதற்கும் ஊர் பொறுப்பு என்ற எண்ணம் இங்கு புதிதன்று.

இன்று சட்டம் அதைவிட நுட்பமாக இருக்கிறது. தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. இப்போது சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர் என எங்கும் அத்தகைய நிலையங்கள் உள்ளன. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் உரியது. கணவரைச் சிறைக்கு அனுப்பாமலேயே, அவர் அடிக்கக் கூடாது, அவளை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று நீதித்துறை நடுவரிடம் ஆணை பெற அதில் வழியுண்டு. அவளுக்காக மனுவை எழுதி உதவச் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். இந்த உரிமைகளை அவளுக்கு எடுத்துச் சொல்வது காவலரின் கடமை என்று அதே சட்டம் கூறுகிறது. ஜமாஅத்தில் எழுதிக் கொடுத்த தாளை மீறினால் வெட்கம் மட்டுமே மிச்சம். நடுவரின் பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை. குடும்பம் உடையக் கூடாது என்று கவலைப்படுவோர் முதலில் அறிந்திருக்க வேண்டிய சட்டம் இது. வருந்தத்தக்கது யாதெனில், காவல் நிலையமும் இவ்வழியைக் காட்டாமல், இருவரையும் உட்காரவைத்துப் பேசி எழுதி வாங்கி அனுப்புவதையே பல நேரங்களில் தன் பணியாக்கிக்கொள்கிறது.

முறையீட்டைக் கேளாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் எல்லைக்கல் நமக்கு அருகிலேயே நிற்கிறது. 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்து, இன்று தருமபுரி மாவட்டத்தில் இருக்கும் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் நாள் சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அவ்வூரில் புகுந்தனர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். காக்க வேண்டிய துறையே கொடுமை செய்த துறையாக நின்றபோது அவர்கள் எங்கே முறையிடுவது? அவர்களுக்கு முதலில் செவி கொடுத்தவர்களில் மலைவாழ் மக்கள் சங்கத்தினர் முக்கியமானவர்கள். உயர் நீதிமன்ற ஆணையின்பேரில் 1995இல் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. நீதி வந்தது, முப்பத்தொரு ஆண்டு கழித்து வந்தது. அதுவும் அந்த ஏழைப் பெண்கள் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொன்னதாலும், அவர்களோடு நின்றவர்கள் விலகாததாலும் வந்தது.

வாச்சாத்தியைப் படித்தவருக்கு ஓர் ஐயம் எழலாம்: இத்தகைய காவல்துறையிடமா நம் பெண்களை அனுப்புவது? சிறுபான்மையினராகிய நமக்கு அந்த அச்சம் இன்னும் கூடுதல். முத்தலாக் சொன்ன கணவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்ற 2019ஆம் ஆண்டுச் சட்டம், பெண்ணின் பெயரால் நம் வீடுகளுக்குள் நுழைகிறார்கள் என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது. இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால், அதன் விலையை யார் கொடுப்பது? சமுதாயத்தின் மானத்துக்காக அடி வாங்குபவள் ஒருத்தி. மானம் காத்தோம் என்று பெருமை கொள்வோர் வேறு சிலர். தமக்கும் பெற்றோருக்கும் சுற்றத்தாருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்காகவே நிற்க வேண்டும் என்று பணிக்கப்பட்ட சமுதாயம் இப்படிக் கணக்குப் போடலாகாது. காவல் நிலையத்தின்மீது நம்பிக்கையில்லை என்றால், அவளைத் தனியே அனுப்பாமல் நாமும் உடன் செல்வதே அதற்கு மருந்து.

ஆகவே ஜமாஅத் காவல்துறைக்கு மாற்று அன்று, அவளுக்குத் துணை. பிணக்கு வேறு, வன்முறை வேறு. சமையலும் செலவும் மாமியார் சொல்லும் பிணக்கு. அவற்றில் சமாதானம் பேசலாம், பேசவும் வேண்டும். அடியும் பலவந்தமும் பிணக்கல்ல. அங்கே முதலில் அவள் பாதுகாப்பு. பேச்சு அதன் பிறகு. அவள் சொல்வதைக் கேட்க மஹல்லாவின் கற்றறிந்த பெண்கள் இருவரேனும் அமர வேண்டும். காயத்துக்கு அரசு மருத்துவமனையில் சான்று பெற உடன் செல்ல வேண்டும். பிள்ளைகள்மீது நடக்கும் பாலியல் கொடுமையிலோ பேச்சுக்கே இடமில்லை. 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்; மறைப்பதே குற்றம். அதைப் பேசி முடித்துவைக்கும் பஞ்சாயத்து தானும் குற்றவாளியாகிறது.

இவ்வளவும் கணவருக்கு எதிரான பேச்சு என்று எவரும் எண்ண வேண்டா. அநீதி செய்பவனாயினும் அநீதிக்கு உள்ளானவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்ற பொருளில் நாயகம் சொன்னபோது, அநீதி செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது விடை. அடிக்கும் கையைத் தடுக்காமல் அடிபட்டவளின் வாயை அடைப்பவர் இருவருக்கும் உதவாதவர்.

அன்று ஹபீபா (ரலி) அதிகாலையில் வந்து நின்றது நாயகத்தின் வாசலில். இன்று அடிபட்ட ஒருத்தி விடியும் முன் எந்த வாசலுக்குப் போவது என்று தெரியாமல் தெருவில் நின்றால், பள்ளிவாசலில் ஸுபுஹு தொழுது வெளியே வரும் நாம் அவளைக் காண்போம். 'சபூர் செய்' என்று சொல்லிக் கடந்துபோகலாம். 'சொல்லம்மா' என்று நின்று கேட்கவும் செய்யலாம். நம் தொழுகை நமக்கு எதைக் கற்றுத் தந்தது என்பது அந்த ஓரிரு கணங்களில் தெரிந்துவிடும்.