நகையும் அறமும் – ‘மரிக்கார்’ ராம்தாஸின் கலை குறித்து ஒரு நோக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது நகையையே முதலில் வைத்தார். அந்நகை பிறக்குமிடங்களாக அவர் கூறியவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு. இந்நான்கினுள்ளும் முன்னிற்பது எள்ளல். ஒருவரை இகழ்வதிலிருந்தே சிரிப்பு பிறக்குமாயின், பிறரைச் சிரிக்கவைப்பதையே தொழிலாகக் கொண்ட கலைஞன் அறத்தின் முன் எவ்வாறு நிற்பான் என்னும் வினா இங்கு எழுகின்றது.

இவ்வினாவை மேலும் கூர்மையாக்கும் சான்றொன்று உரையாசிரியர் இளம்பூரணரிடம் கிடைக்கின்றது. அவர் தம் மெய்ப்பாட்டியல் உரையில் எடுத்தாளும் செயிற்றியச் சூத்திரம், நகை தோன்றும் இடங்களை நிரல்படக் கூறுகின்றது. முடவரின் நடை, குழவியின் மழலை, கல்லாதவர் பேசும் கல்வி என நீளும் அந்நிரலில் ஆரியர் பேசும் தமிழும் இடம்பெறுகின்றது. ஒரு மொழியை வேறொருவர் வேறொரு விதமாக ஒலிக்கக் கேட்டுச் சிரித்தல் தமிழர்க்குப் புதிதன்று என்பது இதனாற் பெறப்படும். பழமையானது என்பதனால் ஒரு செயல் நல்லதாகிவிடாது. முடவரின் நடையைக் கண்டு சிரித்தலும் அதே பட்டியலில் உள்ளது. இன்று அதனை எவரும் நாகரிகமெனக் கொள்ளார். அவ்வாறாயின் பிறர் பேச்சைக் கேட்டுச் சிரித்தல் மட்டும் எங்ஙனம் ஏற்புடையதாகும்?

ஈழத்துத் தமிழ்க் கலையுலகில் இவ்வினாவை நேருக்கு நேர் எதிர்கொள்ள வைப்பது எஸ். ராம்தாஸ் என்னும் நடிகரின், நகைச்சுவை எழுத்தாளரின் வாழ்க்கையாகும். 1970களில் இந்தியத் திரைப்படங்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் கட்டுப்பாடு ஏற்பட்டமையால் உள்ளூர்க் கலைக்கு ஓரளவு இடம் கிடைத்தது. அக்காலத்தில் இலங்கை வானொலியில் ஒலித்துப் பெரும் வரவேற்பைப் பெற்ற தொடர் நாடகம் ‘கோமாளிகள் கும்மாளம்’. அதனை எழுதியவர் ராம்தாஸ். அவரே அதில் மரிக்கார் என்னும் பாத்திரமாகி முஸ்லிம் மக்களின் பேச்சுத் தமிழிற் பேசினார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழையும், எஸ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் பேசும் தமிழையும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராக அந்தணர் தமிழையும் பேசினர். எஸ். ராமநாதனின் இயக்கத்தில் இந்நாடகம் 1976இல் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாயிற்று. 1978இல் வெளிவந்த ‘ஏமாளிகள்’ படத்திற்கும் ராம்தாஸே எழுதினார். 2016இல் அவர் சென்னையில் மறைந்தபோதும் ‘மரிக்கார் ராம்தாஸ்’ என்றே தமிழுலகம் அவரை நினைவுகூர்ந்தது.

இக்கலைக்கு எதிராக எழுப்பத்தக்க தடை எளிதிற் புறந்தள்ளத் தக்கதன்று. மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாளி. தன் பிறப்புக்குப் பொறுப்பாளியல்லன். உலோபியின் உலோபத்தையும், போலிப் பக்தனின் வேடத்தையும், அதிகாரியின் செருக்கையும் எள்ளி நகையாடுவது ஒருவகையில் அறத்தின் பணியேயாகும். அவன் விரும்பினால் அக்குணத்தை விட்டொழிக்கலாம்; சிரிப்பு அவனுக்குத் திருந்தும் வழியைக் காட்டுகின்றது. தாயின் மடியிற் கற்ற பேச்சோ எவரும் தேர்ந்தெடுத்துக்கொண்டதன்று. அதனைக் கேட்டுச் சிரிக்கும் சிரிப்பினால் திருத்தப்பட வேண்டிய குற்றம் எதுவுமில்லை. குற்றமில்லாத இடத்தில் தண்டனை வழங்குவது அநீதி. நாணமும் ஒரு தண்டனையே. கொழும்புக்குக் கற்கச் செல்லும் கிழக்கிலங்கை மாணவன் ஒருவன் தன் ஊர்ப்பேச்சை விழுங்கிக்கொண்டு, ஏட்டுத்தமிழிலோ பிறர் தமிழிலோ பேசத் தலைப்படுகின்றான் எனின், அவ்விடத்தில் அத்தண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது எனலாம்.

இத்தடைக்கு ராம்தாஸின் கலையிலேயே ஒரு விடை உண்டு. பேராசிரியர் எள்ளலுக்கு உரை காணும்போது அதனை இரண்டாகப் பகுக்கின்றார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல் மற்றொன்று. முன்னையது மட்டுமே உள்ள இடத்தில் ஒருவர் மேலும் மற்றவர் கீழும் நிற்பர். இரண்டும் உள்ள இடத்தில் இருவரும் ஒரு திண்ணையில் அமர்ந்திருப்பர். ‘கோமாளிகள்’ நாடகத்தில் நால்வர் நான்கு தமிழ் பேசினர். மூவர் சிரிக்க ஒருவர் சிரிக்கப்படும் ஏற்பாடு அங்கில்லை. யாழ்ப்பாணத்தானும் சிரிக்கப்பட்டான், அந்தணனும் சிரிக்கப்பட்டான். நாட்டின் பெரும்பான்மையினத்தைச் சேர்ந்த உபாலியும் தமிழ் பேசத் திணறும் சாமானியனாகவே வந்து நின்றான்.

இன்னொன்றும் கருதத்தக்கது. தமிழரான ராம்தாஸ் முஸ்லிமாக நடித்தார்; முஸ்லிமான அப்துல் ஹமீத் ஐயராக நடித்தார். ஒருவர் வீட்டு வாசலில் மற்றவர் விருந்தாளியாக நின்ற நிலை இது. பிறர் பேச்சைச் செவ்வனே பேசிக்காட்ட வேண்டுமாயின் அதனை நெடுநாள் செவிமடுத்திருத்தல் வேண்டும். எங்கே நீட்டுகின்றனர், எங்கே விழுங்குகின்றனர், கோபத்தில் எச்சொல் முந்துகின்றது என்பவற்றையெல்லாம் உற்றுக்கேட்ட செவியே அதனைத் திருப்பித்தர இயலும். வெறுப்பவன் அத்துணை பொறுமையாகக் கேட்பதில்லை. அவன் இரண்டு சொற்களைப் பொறுக்கியெடுத்து, அவற்றையே மீண்டும் மீண்டும் சொல்லிப் பரிகசிப்பான். உற்றுக் கேட்டல் மதிப்பின் முதற்படி என்று கொண்டால், மரிக்காரைப் படைத்தவர் அப்படியை ஏறியவரே. ஈற்றில் அப்பாத்திரத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னடையாகி, வாழ்நாள் முழுவதும் உடன்வந்தமை அவர் பெற்ற பரிசு எனலாம்.

ஆயினும் இவ்விடை முழுமையானதன்று. அதன் குறை கல்முனைக் கரையிலிருந்து நோக்கும்போதே புலப்படும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என வடக்கிலிருந்து தெற்காக நீளும் இக்கரையில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறி மாறி அமைந்துள்ளன. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இரு சமூகத்தாரும் தம்மைத் தாமே வருணித்துக்கொள்வது இவ்வமைப்பைக் குறித்தேயாகும். இங்கு வாழும் முஸ்லிம்களின் பேச்சு கொழும்பு, பேருவளை முதலிய மேற்குக்கரை முஸ்லிம்களின் பேச்சன்று. அங்கு மூத்த சகோதரன் ‘நானா’. இங்கு பெரும்பாலும் ‘காக்கா’. அங்கு மூத்த சகோதரி ‘தாத்தா’, இங்கு ‘ராத்தா’. ‘இருக்கிறது’ என்பது அங்கு ‘ஈக்கிது’ என ஒலிக்க, இங்கு ‘இரிக்கி’ என ஒலிக்கும். ‘பிறகு’ என்பதற்கு ‘மறுகா’ என்று சொல்லும் கிழக்கு முஸ்லிம், அச்சொல்லைப் பேருவளை முஸ்லிமோடு பகிர்ந்துகொள்ளவில்லை. பக்கத்து ஊரான காரைதீவுத் தமிழனோடேயே பகிர்ந்துகொள்கின்றான்.

மரிக்கார் என்னும் பெயரும் மேற்குக்கரையில் மிகுதியாக வழங்குவது. ஆனால், வானொலி ஒரே நேரத்தில் நாடெங்கும் ஒலிப்பது. நாடெங்கும் கேட்ட முஸ்லிம் குரலாக அந்தக் குரல் அமைந்தபோது, முஸ்லிம் தமிழ் என்றாலே இதுதான் என்னும் எண்ணம் பிறர் மனத்திற் படிவதற்கு வழி பிறந்தது. முஸ்லிம் என்றால் வணிகன் என்னும் பொதுப்படம் ஏலவே இருந்த நாட்டில், மருதமுனையின் கைத்தறி நெசவாளியும், சம்மாந்துறையின் வேளாண்மைக்காரனும், நிந்தவூரின் கடற்றொழிலாளியும் அப்படத்திற்கு வெளியே நின்றனர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குப் பொருந்தும், மனிதருக்குப் பொருந்தாது. ஒருவனைக் காட்டி ஒரு சமூகத்தை அறிந்துவிட்டதாக நினைக்கவைப்பதே இத்தகைய நகைச்சுவையிற் பொதிந்துள்ள மெய்யான ஆபத்தாகும். இதில் எழுத்தாளரின் பங்கு சிறிது. கேட்போரின் பங்கே பெரிது. அவர் படைத்தது ஒரு மரிக்காரை. அவரை எல்லா முஸ்லிம்களுமாக ஆக்கிக்கொண்டது கேட்டவர்களின் சோம்பலேயாகும்.

காலமும் இவ்வினாவுக்குள் நுழைந்தது. 1985 ஏப்ரலில் காரைதீவிலும் கல்முனைப் பகுதியிலும் தமிழ் முஸ்லிம் கலவரம் மூண்டது. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12ஆம் நாள் சம்மாந்துறைக்கு அண்மையிலுள்ள வீரமுனையில், கோயிலிலே தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஒரு மனிதன் வாய்திறந்து பேசும் முதற் சொல்லே அவன் யாரென்று காட்டிக்கொடுத்துவிடும் காலமாயிற்று அது. ‘உம்மா’ என்றோ ‘அம்மா’ என்றோ அழைப்பதில் உயிர் தங்கியிருக்கும் வேளையில், அச்சொல்லைப் பேசிக்காட்டிச் சிரிக்கவைத்தல் இயலுமா?

சொற்கள் 1976இல் இருந்தவையே. குரலும் அதே குரலாக இருக்கலாம். அவற்றைத் தாங்கிநின்ற நம்பிக்கையே அகன்றுவிட்டது. எனவே நகைச்சுவையின் அறம் சொல்லில் மட்டும் தங்கியிருப்பதன்று என்பது தெளிவு. சொல்பவருக்கும் சொல்லப்படுபவருக்கும் இடையிலுள்ள உறவிலேயே அது தங்கியுள்ளது. உறவு முறையில் மச்சான் மச்சானைக் கேலி செய்வான். கேட்பவன் திருப்பிக் கேலி செய்வான். உறவு முறிந்த மறுநாள் அதே கேலி வசையாகின்றது.

இதுகாறும் கூறியவற்றால் பிறர் பேச்சைப் பாவனை செய்யும் நகைச்சுவைக்கு மூன்று உரைகற்களை வகுத்தல் இயலும். முதலாவது, எவரைக் குறித்துச் சிரிக்கின்றோமோ அவர் அவையில் இருக்கும்போதும் அதனைச் சொல்ல முடியுமா என்பது. மரிக்காரின் பேச்சு முஸ்லிம் வீடுகளின் வானொலிப் பெட்டியிலும் ஒலித்தது. மறைவிற் சொல்லப்பட்ட கேலியன்று அது. இரண்டாவது, சிரிக்கவைப்பவர் தம்மினத்தையும் அதே தராசில் நிறுத்துகின்றாரா என்பது. அப்புக்குட்டியும் ஐயரும் உடன்நிற்க எழுதிய ராம்தாஸ் இதிலும் தேறுகின்றார்.

மூன்றாவது உரைகல் கடினமானது. ஒரு சமூகத்தின் பேச்சு சிரிப்புக்கு மட்டுமே பயன்படுகின்றதா, அதே பேச்சில் அச்சமூகம் அழவும் சிந்திக்கவும் வாதாடவும் கலை இடம் தந்துள்ளதா என்பது அது. இதனைத் தனியொரு நகைச்சுவையாளரால் நிறைவேற்ற இயலாது. வானொலியில் முஸ்லிம் தமிழ் நகைச்சுவை வேளையில் மட்டும் ஒலித்து, செய்தியிலும் ஆய்வுரையிலும் ஒலிக்காதிருந்தால் அக்குறை ராம்தாஸினுடையதன்று. கல்விமான்களும் ஒலிபரப்பாளர்களும் அதற்குப் பொறுப்பாளர். இக்குறையை நிரப்ப முயன்றவர்கள் இக்கரையிலேயே தோன்றினர். மருதமுனையைச் சேர்ந்த மருதூர்க்கொத்தன் தம் சிறுகதைகளில் இம்மண்ணின் முஸ்லிம் மக்களின் வாழ்வையும் பேச்சையும் பதித்தார். அங்கே வறுமையும் மானமும் இம்மக்களின் சொல்லிலேயே பேசப்பட்டன. கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் மொழியியலறிஞராய் இப்பேச்சை ஆய்வுக்குரிய பொருளாக்கினார். ஒரு பேச்சுக்கு இலக்கணம் உண்டெனக் காட்டப்பட்டபின் அதனைக் கொச்சை என்று ஒதுக்குவது எளிதன்று.

ஆகவே மரிக்கார் போன்ற பாத்திரங்களை விலக்குவது இப்பிரச்சினைக்குத் தீர்வாகாது. சிரிக்கவே கூடாதென விதித்த சமூகம், பிறரைக் குறித்து மௌனமாகி, அம்மௌனத்தை அச்சமாகவும் அச்சத்தைப் பகையாகவும் வளர்த்துக்கொள்ளும். வேண்டுவது, ஒரு மரிக்காருக்கு அருகில் ஒரு போடியாரும், ஒரு நெசவாளியும், நிந்தவூர்க் கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணும் தத்தம் சொல்லிலேயே பேசக்கேட்பது. அவர்களுள் சிலர் சிரிக்கவைப்பர், சிலர் கலங்கவைப்பர்.

ராம்தாஸின் வாழ்க்கையிலிருந்து இக்கால மாணவர் பெறத்தக்க பாடமும் இதுவேயாகும். அவர் தம் அயலாரின் பேச்சைக் கற்றார். அவர்களும் கேட்டு மகிழும்படி பேசினார். இந்நாட்டில் இரு மொழியினரும் பல சமூகத்தினரும் ஒருவர் பேச்சை மற்றவர் சிரிப்பதற்காகவேனும் கற்றிருந்த காலம் ஒன்று இருந்ததென்பதற்கு ‘கோமாளிகள்’ சான்றாகின்றது. சிரிப்பதற்காகத் தொடங்கிய அக்கல்வியை விளங்கிக்கொள்வதற்காகத் தொடர்வது அடுத்த தலைமுறையின் கடமை. பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் அடுத்தடுத்த வீதிகளில் வளரும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பாவனை செய்து விளையாடும்போது, பாவனை செய்யப்பட்ட பிள்ளையும் சேர்ந்து சிரித்து, தன் முறைக்கு மற்றவனைப் பாவனை செய்யுமாயின், அந்நகையில் அறம் பிழைக்கவில்லை என்று துணிந்து கூறலாம்.