கடைசிப் பெட்டி

இன்னும் விடியவில்லை. மேசை விளக்கு மட்டும் எரிகிறது. அதன் வட்டத்துக்குள் ஒரு கபூஸ்.

உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறேன். 4 அங்குலம். குளிர்ந்திருக்கிறது. சற்று நேரத்தில் கையின் சூடு அதற்கும் வந்துவிடுகிறது.

*

அலமாரியில் பதினொன்று இருக்கின்றன. எல்லாம் அமெரிக்கச் சரக்கு ரயில்களின் வால் பெட்டிகள்.

எஞ்சின் ஒன்றுகூட இல்லை.

*

மாடல் ரயில்களின் ஹெச்.ஓ. அளவு. நிஜத்தின் 87இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவே பதினாறரை மில்லிமீட்டர். ஓர் ஆள் இரண்டு சென்டிமீட்டர் உயரம்.

ஆள் யாரையும் நான் உள்ளே உட்காரவைக்கவில்லை. காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கிறது.

*

கையில் இருப்பது பென்சில்வேனியா ரயில்ரோடின் என்5சி. 1942இல் ஆல்டூனா பட்டறையில் 200 கட்டினார்கள். இரும்புச் சுவர். வட்ட ஜன்னல்கள்.

கப்பலின் ஜன்னல் போல இருக்கிறது. கபூஸ் என்ற சொல்லும் கப்பலிலிருந்து வந்ததுதான். டச்சுக்காரர்களின் கப்பல் அடுப்பங்கரை.

*

பென்சில்வேனியாவில் இதைக் கேபின் கார் என்றார்கள். பர்லிங்டனில் வேகார். கனடாவில் வேன்.

உள்ளேயே நாளெல்லாம் கிடந்தவர்கள் கிரம்மி என்றார்கள். சொல்லிப் பார்க்கிறேன். வாயில் அழுக்கும் செல்லமும் சேர்ந்து வருகிறது.

*

வார்ப்பில் கைப்பிடிகள் சுவரோடு ஒட்டியே வந்திருக்கின்றன. பிடிக்க முடியாத பிடிகள். பிளேடால் சீவுகிறேன்.

பிளாஸ்டிக் சுருள்கிறது. நகக்கண் அளவு. ஊதினால் எங்கோ போய்விடுகிறது.

80ஆம் எண் டிரில் பிட். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனம். இதற்கு மெஷின் ஆகாது. விரல்களுக்கிடையில் உருட்டியேதான் துளை. அழுத்தினால் முறியும். மூச்சு வெளியே போகும்போது கை அசைகிறது. போய் முடிந்து, அடுத்தது வருவதற்கு முன் ஓர் இடம் இருக்கிறது. அதில் இரண்டு சுற்று.

மூச்சு.

மறுபடி இரண்டு சுற்று.

பித்தளைக் கம்பியை வளைக்கிறேன். செருகுகிறேன். உட்பக்கம் ஊசிமுனையில் ஒரு துளி பசை. 87ஆல் பெருக்கினால் கம்பி ஓர் அங்குலக் கனம் வருகிறது. முக்கால் அங்குலமே போதும். கண் அதைக் கேட்கவில்லை.

இப்போது கம்பிக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் போகிறது. சுவரில் மெல்லிய நிழல் ஒன்று விழுகிறது. நேற்றுவரை இந்த நிழல் இல்லை.

*

கூரைமேல் சின்னதாக ஓர் உயர்ந்த அறை. குபோலா. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வேலை, முன்னால் போகும் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பது.

நேர்ப்பாதையில் கூரைகள்தான் தெரியும். வளைவு வரும்போது வண்டி விலாவைக் காட்டும். சக்கர அச்சின் பெட்டியில் எண்ணெயில் ஊறிய பஞ்சு. தாங்கி சூடேறினால் அது புகையும். இருட்டில் மூக்குக்குத்தான் முதலில் தெரியும்.

மேசையில் பசை வாசனை. ஆறிப்போன காபி வாசனை. வேறொன்றும் இல்லை.

*

அடுப்பு செய்திருக்கிறேன். 8 மில்லிமீட்டர் உயரம்.

நிஜ அடுப்பின் மேல்தட்டைச் சுற்றி ஒரு விளிம்பு இருக்கும், காபிப் பாத்திரம் சறுக்கி விழாமலிருக்க. வண்டியின் ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் தளர்ச்சி. எஞ்சின் இழுக்கும்போது அது ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டே வரும். முன்னால் நூறு பெட்டி இருந்தால் நூறின் தளர்ச்சியும் சேர்ந்து கடைசிப் பெட்டியை ஓர் உதறு உதறும்.

கூரையை ஒட்டிவிட்டால் அடுப்பு யாருக்கும் தெரியாது. விளிம்பு வைத்திருக்கிறேன்.

*

எடை. முதலில் ஓர் அவுன்ஸ், பிறகு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். அமெரிக்க மாடல் ரயில்காரர்களின் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. சொல்லும் கணக்கு. இதற்கு 3 அவுன்ஸ் வருகிறது.

ஈயத் துண்டுகளைத் தரைக்குள் ஒட்டுகிறேன். தராசு 85 கிராம் காட்டுகிறது. திரும்பக் கையில் எடுக்கிறேன். கை கொஞ்சம் தாழ்கிறது.

*

செங்காவி நிறம் நன்றாகக் காய்ந்துவிட்டது. மிகவும் புதிதாக இருக்கிறது.

இந்தியன் இங்க் சில சொட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில். தூரிகை தொட்டதும் மை ஓடுகிறது. ரிவெட் தலைகளைச் சுற்றித் தேங்குகிறது. ஆல்கஹால் பறந்துவிடுகிறது. கறை தங்குகிறது.

புகைபோக்கியைச் சுற்றிக் கரித்தூள். படியில், கால் படும் நடுப்பகுதியில் மட்டும், தேய்ந்த இரும்பின் நிறம்.

கால் எதுவும் பட்டதில்லை.

*

நேற்று ஒட்டுத்தாளின் எண்ணை நனைத்து ஒட்டும்போது கடைசி இலக்கம் தண்ணீரில் மடிந்துகொண்டது. பிரித்தேன். கிழிந்தது.

அந்த இடம் காலியாக இருக்கிறது. தாளில் வேறோர் இலக்கம் மிச்சம் இருக்கிறது. எடுக்கவில்லை இன்னும்.

*

ஊரில் லெவல் கிராசிங்கில் நின்று கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவோம். நாற்பதுக்கு மேல் எப்போதும் தப்பிவிடும். கடைசியில் கார்டு வண்டி. வெள்ளை உடையில் ஒருவர், தனியே. கையில் சுருட்டிய கொடி.

நினைவு வருகிறது. சத்தமில்லாமல் போகிறது.

*

1980களில் அமெரிக்க ரயில்களின் வாலில் ஒரு கருவியைப் பரவலாக மாட்டத் தொடங்கினார்கள். சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். பிரேக் குழாயின் அழுத்தத்தை ரேடியோ வழியாக எஞ்சினுக்குச் சொல்லும். ஃப்ரெட் என்று ஆளைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுகிறார்கள்.

ஃப்ரெட்டுக்கு அடுப்பு வேண்டாம்.

கபூஸ்கள் சில பூங்காக்களில் நிற்கின்றன. பென்சில்வேனியாவில் ஸ்ட்ராஸ்பர்க் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சில தங்கும் விடுதியாகிவிட்டன.

*

கூரையில் நீளவாக்கில் ஓர் ஆன்டெனாக் கம்பி வரவேண்டும். ரயிலின் தலையும் வாலும் பேசிக்கொள்ள வைத்தது. அதற்கான கம்பியை அளந்து வைத்திருக்கிறேன்.

மேசை ஓரத்தில் அசையாமல் கிடக்கிறது.

*

ஒரு முழத் தண்டவாளம். மேலே வைத்து விரலால் தள்ளுகிறேன். சக்கரச் சத்தம், மணல் உருள்வதைப் போல. முனைக்குப் போவதற்குள் தானே நிற்கிறது.

பின்விளக்கைப் போடுகிறேன்.

ஜன்னலில் வெளிச்சம் ஏறிவிட்டது. விளக்கு எரிகிறதா என்று தெரியவில்லை. கையைக் குவித்து மறைத்துப் பார்க்கிறேன்.

எரிகிறது.