கேட்கும் செவியும் கடன்பட்ட நெஞ்சும்

நல்ல நிலையில் இயங்கிவரும் ஒரு பொருளை, அதைவிட எளிதான வேறொன்று வந்துவிட்டது என்ற ஒரே காரணத்திற்காகக் கைவிடலாமா? கைவிட மறுப்பவரை உறுதியுள்ளவர் என்று போற்றுவதா, பிடிவாதக்காரர் என்று ஒதுக்குவதா? இக்கேள்வி நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்று இசை கேட்கும் கருவியைக் குறித்து எழுந்துள்ளது. தந்தையார் பல்லாண்டுச் சேமிப்பைக் கொண்டு விலையுயர்ந்த குறுந்தகட்டுக் கருவி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். அலமாரி நிறையக் குறுந்தகடுகள். மகனோ, "மாதம் ஒரு சிறு தொகை கட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் கைப்பேசியில் வந்துவிடுமே, இந்தப் பெட்டி இன்னும் எதற்கப்பா?" என்கிறான். "இதில்தான் ஒலி நன்றாக இருக்கிறது" என்று தந்தையார் விடை சொல்லுகிறார். விடை சொன்ன பின்னும் அவர் உள்ளம் நிறைவடைவதில்லை.

இது வெறும் ரசனை வேறுபாடுதானே, இதில் அறநெறிக்கு என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். பெருந்தீமையும் பெருநன்மையும் நம் வாழ்வில் அடிக்கடி குறுக்கிடுவதில்லை. நம் நாள்களின் பெரும்பகுதி இத்தகைய சிறு தேர்வுகளாலேயே நெய்யப்படுகிறது. முதலில் பொருள்களை நாம் தேர்ந்துகொள்கிறோம். பின்னர் அவை நம் பழக்கங்களை உருவாக்குகின்றன. பழக்கங்களே நம்மை உருவாக்குகின்றன. ஆதலால் எந்தக் கருவி சிறந்தது என்பதைவிட, அக்கருவியின் முன் அமரும் மனிதன் எத்தகையவனாகிறான் என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

குறுந்தகடு இயங்கும் முறையைப் புரிந்துகொள்வது பட்டு நெசவு ஊராகிய ஆரணியில் வாழ்வோருக்கு அரிதன்று. நம் தறிகளின் மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. அதில் கோக்கப்பட்ட அட்டைகளில் ஓட்டை உள்ள இடத்தில் பாவு இழை மேலெழும். ஓட்டை இல்லாத இடத்தில் எழாது. உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் மயிலும் மாங்காயும் முந்தியில் மலர்ந்துவிடுகின்றன. பிரான்சு நாட்டின் பட்டு நகராகிய லியோனைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் உருவாக்கிய முறை இது. குறுந்தகடும் இதே மொழியைத்தான் பேசுகிறது. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள அத்தகட்டில் நுண்ணிய குழிகள் 5 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரே சுருள் தடமாகப் பதிந்துள்ளன. குழி தொடங்குமிடத்தையும் முடியுமிடத்தையும் லேசர் ஒளி படிக்கிறது. ஒலியை ஒவ்வொரு நொடியும் 44,100 முறை அளந்தெடுத்த எண்கள் அதில் இருக்கின்றன. பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்கள் கூடி வகுத்த இம்முறையின் முதல் கருவி 1982 அக்டோபர் 1-ஆம் நாள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

அந்த எண்கள் இன்று தகடு இன்றியே இணையத்தின் வழியாகக் கேட்கும் நேரத்தில் ஓடிவருகின்றன. ஸ்ட்ரீமிங் என்று இதைச் சொல்லுகிறார்கள். தொடக்கத்தில் அப்படி வந்த ஒலி, அனுப்புவதற்கு எளிதாக இருக்கும்பொருட்டுச் சுருக்கப்பட்டதாக இருந்தது. தந்தையாரின் விடை அன்று உண்மை. ஆனால் 2021-இல் ஆப்பிள் நிறுவனம் தன் இசைச் சேவையில் தகட்டின் தரத்திற்கும் அதற்கு மேலும் உள்ள ஒலியைக் கூடுதல் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. மற்றவர்களும் அவ்வழியே வந்துள்ளனர். எனவே, ஒலித்தரம் என்னும் ஒரே தூணைப் பற்றிக்கொண்டு நிற்பவர் அதை விட்டுவிடுவதே நேர்மை. தாம் நேசிக்கும் பொருளைக் காப்பதற்காகக்கூட உண்மையல்லாததைச் சொல்லுதல் கிறிஸ்தவனுக்கு அழகன்று. லின் என்ற புகழ்பெற்ற உயர்தர இசைக்கருவி நிறுவனமே 2009-ஆம் ஆண்டோடு குறுந்தகட்டுக் கருவி செய்வதை நிறுத்திக்கொண்டது.

அப்படியானால் மகன் சொல்வதே சரியா? அவசரப்பட வேண்டாம். தந்தையார் தம்மையறியாமல் காத்துவருவது ஒலியை அன்று. வேறு இரண்டைக் காத்துவருகிறார்.

முதலாவது, கவனம். ஒரு குறுந்தகட்டில் ஏறக்குறைய 74 நிமிட இசை அடங்கும். அதற்கு மேல் அதில் இடமில்லை. எழுந்து சென்று அலமாரியில் ஒன்றைத் தேர்ந்து எடுத்து, கருவியில் இட்டு, அமர்ந்து கேட்க வேண்டும். தேர்ந்துகொண்டதால் ஏனையவற்றை அந்நேரத்திற்கு விட்டுவிடுகிறோம். செயலியிலோ கோடிக்கணக்கான பாடல்கள் காத்திருக்கின்றன. ஒன்று முடியுமுன் அடுத்தது அழைக்கிறது. பல்லவியைக் கேட்டுவிட்டுச் சரணத்திற்குள் புகாமலே விரல் நகர்த்திவிடுகிறது. புனித தோமா அக்குவினார் அறிவு வேட்கையை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார்: ஒன்றில் மனத்தை நிறுத்தி உழைக்கும் நல்லொழுக்கம் ஒன்று, எதிலும் நிலைக்காமல் எல்லாவற்றையும் எட்டிப் பார்க்கும் அலைச்சல் மற்றொன்று. பின்னதை அவர் குற்றமென்றே கணக்கிடுகிறார். ஒரு பாடலை முழுவதும் கேட்கப் பழகாத செவி, வாசகத்தையும் மறையுரையையும், மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் முதியவரின் நெடிய கதையையும் எப்படி முழுவதும் கேட்கும்? செபம் என்பதே கவனத்தின் முதிர்ந்த நிலையன்றோ!

இரண்டாவது, கடன். இசையைக் கேட்பவன் அதைச் செய்தவனுக்குக் கடன்பட்டவன். 2005-ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். அருட்தந்தை ஜெகத் கஸ்பார் ராஜ் அவர்களின் தமிழ் மையம், இளையராஜா அவர்களின் இசையில் திருவாசகத்தை வெளியிட்டது. அங்கேரி நாட்டின் புதாபெஸ்து சிம்பொனி இசைக்குழு அதில் பங்கேற்றது. சைவத் திருமறை ஒன்று கத்தோலிக்கக் குரு ஒருவரின் முயற்சியால் உலக இசை வடிவில் எழுந்ததை வியந்தவர் பலர். அக்குறுந்தகட்டை விலை கொடுத்து வாங்கியவர் பாடலைப் பெற்றதோடு, அம்முயற்சியின் சுமையில் ஒரு சிறு பங்கையும் ஏற்றுக்கொண்டார். திருவிழா முடிந்து ஆலய வாசலில் தம் பாடல்களை விற்ற பங்குப் பாடகர் குழுக்களுக்கும் இது பொருந்தும். வாங்கியவரின் கையிலிருந்து பாடியவரின் கைக்கு நேராகச் சென்றது அந்தப் பணம்.

செயலிகளில் நடப்பது வேறு. பெரும்பாலானவற்றில் எல்லாருடைய சந்தாவும் ஒரே பொதுப்பையில் விழுகிறது. மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை பங்கோ, அந்த விகிதப்படி பிரித்துக் கொடுக்கப்படுகிறது. மாதம் முழுவதும் நாம் ஒரு சிற்றூர்ப் பாடகர் குழுவை மட்டுமே கேட்டாலும், நம் பணத்தில் மிகப் பெரும்பகுதி நாம் கேட்டேயிராத புகழ்பெற்றவர்களுக்குச் செல்லும். 2019-இல் இந்தியாவிற்கு வந்த ஸ்பாட்டிஃபை, 2024-ஆம் ஆண்டு முதல் மற்றொரு விதியையும் வகுத்தது: பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு அதன் பதிவுக்கான பங்குத் தொகை கிடையாது. ஒரு பங்கின் பாடகர் குழு தன் பாதுகாவலருக்காகப் பாடிய பாடல், பல வேளைகளில் இந்த ஆயிரத்திற்குக் கீழேதான் நிற்கும்.

ஜக்கார்டு வாழ்ந்த அதே லியோன் நகரில் பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண்ணும் வாழ்ந்தார். பட்டு வணிகர் ஒருவரின் மகளாகிய அவர், பட்டாலைப் பெண் தொழிலாளர்களிடமிருந்து வாரந்தோறும் ஒரு செப்புக்காசு திரட்டினார். பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு என்ற ஒழுங்கில் அது வளர்ந்து, 1822-இல் விசுவாசப் பரப்புதல் சபையாக உருவெடுத்தது. உலகெங்கும் உள்ள மறைப்பணித் தளங்களை அது தாங்கிற்று. 2022 மே 22-இல் அவர் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். அவர் திரட்டியதும் சில்லறைக் காசே. செயலிகள் திரட்டுவதும் சில்லறைக் காசே. வேறுபாடு எங்கே உள்ளது? அவருடைய காசு கொடுத்தவரின் மனத்தைப் பெறுபவரோடு பிணைத்தது. எளியவரைத் தேடிச் சென்றது. பொதுப்பையின் காசோ, பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளவரை நோக்கியே ஓடுகிறது. கொடுத்தவருக்குத் தாம் யாருக்குக் கொடுத்தோம் என்பதே தெரியாது.

ஆரணியில் இதை விளக்கத் தேவையில்லை. கைத்தறிப் பட்டுச் சேலையும் அதைப் பார்த்து விசைத்தறியில் ஓட்டிய சேலையும் தூரத்துக் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும். கைத்தறிக்கென்று சில வகைகளை ஒதுக்கி 1985-இல் நடுவண் அரசு சட்டமே இயற்றியது. ஆயினும் நெசவாளரை இறுதியில் காப்பது, இது ஒரு மனிதர் பல நாள் அமர்ந்து நெய்தது என்று அறிந்து, அதற்குரிய விலையைக் கொடுக்கும் மனச்சான்றே. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த நாம், நம் நெசவுக்கு உலகம் காட்ட வேண்டுமென்று எதிர்பார்க்கும் நீதியை, பிறருடைய இசைக்குக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எனினும், தகட்டை வைத்திருப்போரும் தம் மார்பில் தட்டிக்கொள்ள இயலாது. கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்த திருட்டுக் குறுந்தகடுகளை வாங்கிக் குவித்ததும் இதே தலைமுறைதான். மேலும், உயர்தரக் கருவிகளின் விலை லட்சங்களைத் தொடுகிறது. பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் ஊற்றியபோது, முந்நூறு தெனாரியத்திற்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாசு குறை கூறினான். ஆண்டவர் மரியாவின் பக்கம் நின்றார். விலையுயர்ந்தது என்பதாலேயே ஒன்று தவறாகிவிடாது என்பதற்கு இது சான்று. ஆனால் மரியா குப்பியை மூடி வைத்து அழகு பார்க்கவில்லை, உடைத்து ஊற்றினார், வீடு முழுவதும் மணம் நிறைந்தது. பூட்டிய அறையில் ஒருவர் மட்டும் கேட்டு மகிழ்ந்து, வருவோரிடம் விலையைச் சொல்லிப் பெருமைப்படும் கருவி, மரியாவின் குப்பியைச் சார்ந்ததன்று. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய அறிவற்ற செல்வனின் களஞ்சியத்தைச் சார்ந்தது. புனித அகுஸ்தினார் தம் அறிக்கைகளின் பத்தாம் நூலில், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகம் உருக்கும் வேளைகளை எண்ணி அஞ்சுகிறார். பாட்டைவிடப் பெட்டியே நம்மை அதிகம் கவர்ந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்!

தறிக்குழியில் காலை முதல் மாலை வரை அமர்ந்திருக்கும் நெசவாளரையும் நினைக்க வேண்டும். அவருக்குக் குறுந்தகட்டுக் கருவி என்றுமே எட்டியதில்லை. முன்பு இலங்கை வானொலியும், மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியும் அவருக்குத் துணையிருந்தன. வேரித்தாஸின் சிற்றலை ஒலிபரப்பு 2018-இல் நின்று இணையத்திற்கு மாறிவிட்டது. இன்று தறியின் பக்கத்தில் ஒரு கைப்பேசி பாடிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் வசதியுள்ளோர் அலமாரியில் மட்டும் இருந்த இசை, அவர் செவிக்கும் இறங்கி வந்திருக்கிறது. இதைப் பழிப்பவர் ஏழையின் மகிழ்ச்சியைப் பழிப்பவராவார். அவரிடம் போய், "தகடு வாங்கிக் கேளும்" என்று அறம் உரைப்பது கொடுமை.

பின் எதை அளவுகோலாகக் கொள்வது? புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே அதைத் தந்துவிட்டார். படைப்புப் பொருள்கள் நம் இறுதிக் குறிக்கோளை அடைய எவ்வளவிற்கு உதவுமோ அவ்வளவிற்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டும். எவ்வளவிற்குத் தடையாகுமோ அவ்வளவிற்கு விலக வேண்டும். இந்த அளவுகோல் தகட்டையும் செயலியையும் ஒன்றுபோலவே நிறுக்கிறது. தகடு ஒருவரைக் கவனமுள்ளவராகவும் கடனை அறிந்தவராகவும் ஆக்கினால், மகன் எவ்வளவு நகைத்தாலும் அவர் அதை விட வேண்டியதில்லை. அது பிடிவாதம் அன்று, பற்றுறுதி. பெருமையை மட்டும் வளர்த்தால், விட்டுவிடுவதே விடுதலை. செயலியில் கேட்பவரும், ஒரு பாடலை எடுத்தால் முடியும்வரை கேட்பது, அதைச் செய்தவரின் பெயரை அறிந்துகொள்வது, தமக்கு ஆறுதல் தந்த எளிய குழுவிற்கு நேரடியாக ஒரு சிறு காணிக்கை அனுப்புவது என்று மூன்று பழக்கங்களைக் கைக்கொண்டால், தகட்டுக்காரருக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவர் அல்லர்.

இறுதியாக, நம் பங்குகளுக்கு ஒரு விண்ணப்பம். செயலிகளும் நிலையானவை அல்ல. ஏர்டெல் நிறுவனம் 2014-இல் தொடங்கிய விங்க் மியூசிக் பத்தே ஆண்டுகளில், 2024-இல், மூடப்பட்டது. இணையத்தில் எல்லாம் என்றும் இருக்கும் என்று நாமிருந்தால் இழப்பு நமதே. நம் பாடகர் குழுக்கள் முன்பு வெளியிட்ட ஒலிநாடாக்களும் குறுந்தகடுகளும் சக்றீஸ்து அறை அலமாரிகளில் தூசு படிந்து கிடக்கின்றன. ஈரத்தில் நாடா பூஞ்சை பிடிக்கிறது. எழுதப்பட்ட தகடுகளும் நாளடைவில் படிக்க இயலாதவையாகின்றன. அவற்றில் ஒலிக்கும் குரல்களில் பல இன்று கல்லறைத் தோட்டத்தில் அமைதி கொண்டுவிட்டன. வாங்க எவரும் இல்லாத, ஆயிரம் முறை கேட்கப்படாத அந்தப் பாடல்களைக் காப்பாற்றும் கடமை எந்த நிறுவனத்திற்கும் இல்லை. அவர்களின் குரலால் செபிக்கக் கற்ற நமக்கே உண்டு. நன்றாக இயங்கும் பழைய கருவி ஒன்று ஊரில் எவர் வீட்டிலேனும் இருக்குமானால், அதன் உரிமையாளரை அழைத்து, அப்பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் படியெடுப்போமாக. பாடியவர் யார், எழுதியவர் யார், எந்த ஆண்டு என்பதையும் குறித்து வைப்போமாக. அன்று அந்தத் தந்தையாரின் பெட்டி ஒரு வீட்டின் உடைமையாக மட்டும் இராது. ஒரு பங்கின் நினைவாகும்.